உப்பளத்து வீட்டுக்காரி ஏன் திரும்பி வந்தாள்?

மாத்தளை,
09.01.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் தனியாக ஒரு கருத்து வைத்திருக்கிறது. உமது சுகமும், உமது கணவர், மகளின் சுகமும் அறிய விருப்பம். அங்கே பனி கொட்டுவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர். முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் சம்பளம் வாங்கிய எனக்கு அது நன்றிகெட்ட வேலையாகப் படுகிறது. தவிர, தொலைபேசியில் நீர் உடனே ஏதாவது பதில் சொல்லிவிடுவீர். இது யோசித்துச் சொல்ல வேண்டிய விடயம்.

உமது அக்காவின் ஆண்டுத் திவசம் புரட்டாதியில் வருகிறது. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் வழக்கம்போலத் தேவாரமும், அவளுடைய படமும், நான் எழுதியதாகச் சொல்லப்படும் கண்ணீர்க் கவிதையும் வந்தன. அந்தக் கவிதை அச்சகத்தில் எப்போதும் தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றுவார்கள். 'பாலேஸ்வரி' சற்று நீளமான பெயரானதால் மூன்றாம் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. ஆண்டுத் திவச மலரிலாவது அவள் விரும்பிய ஒன்றை அச்சிட எண்ணியிருக்கிறேன்.

அது 'உப்பளத்து வீடு' என்ற பிரெஞ்சு நாவல். 2003இல், உங்கள் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக உமது அக்கா யாழ்ப்பாணம் வந்து ஐப்பசி முதல் தை வரை உங்களோடு நின்றாள் அல்லவா, அப்போது நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தேன். போன வருடம் அதே கதையைச் சிங்களத்தில் தொலைக்காட்சி நாடகமாகப் போடத் தொடங்கினார்கள். உமது அக்கா ஒரு நாளும் தவறவிடவில்லை.

கதை இதுதான். கடலோர ஊரொன்றில் உப்புவரி அதிகாரி ஒருவரும் மனைவியும் இருக்கிறார்கள். சண்டையில்லை, இன்னொருவன் இல்லை. ஒரு நாள் அவள், மலைப்பக்கம் இருக்கும் தங்கையைப் பார்த்துவருகிறேன் என்று குதிரை வண்டி ஏறுகிறாள். மாதக்கணக்கில் வரவில்லை. பிறகு திரும்பி வருகிறாள். ஏன் வந்தாள் என்பதுதான் இருபத்திரண்டாம் அத்தியாயம். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஒரு பாதிரியார். அந்த அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், 'இது ஆங்கிலக் குடும்பங்களுக்கு உகந்ததன்று' என்று ஒரு முழுப் பக்கத்துக்குக் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உமது அக்கா கேட்டாள்: "அவள் ஏன் திரும்பி வந்தவள் எண்டு நினைக்கிறியள்?" நாடகம் முடியட்டும், பார்ப்போம் என்றேன். நாடகம் இன்னும் முடியவில்லை.

நாவலின் பிற்பாதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு மட்டும் வெறுமையாக நிற்கிறது. மூலத்தைத் தேடிப் பிடித்து அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புவீரா?

இப்படிக்கு,
அத்தான் சிவராசா


பொண்டி, பிரான்ஸ்,
04.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோசம். நாங்கள் மூவரும் நல்ல சுகம். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோருக்கும் தடிமன், எனக்கு மட்டும் இல்லை. தினமும் இஞ்சி போட்டுக் குடிப்பதால் என்று சொன்னேன். இப்போது பிரெஞ்சுக்காரிகள் நாலு பேர் என்னிடம் இஞ்சி கேட்கிறார்கள். முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள். தனியே படி ஏற வேண்டாம்.

அந்த நாவல் இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், அதனால் யாரும் வாசிப்பதில்லை. மகளிடம் கேட்டேன். "அது கட்டாயப் பாடம் அம்மா, நான் சுருக்கம்தான் படிச்சனான்" என்றாள். தொலைக்காட்சிப் படம் ஒன்று பார்த்தேன். அதில் மனைவி திரும்பி வருவதே இல்லை. மலையில் பால்கட்டிக் கடை போடுகிறாள். அதிகாரி வேலைக்காரியைக் கட்டுகிறார். எல்லோருக்கும் சந்தோசம். படம் முடிய, ஆரோ பால்கட்டிக்கு விளம்பரம் போட்டார்கள்.

அக்கா அந்த நாடகம் பார்த்தவ என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் மணித்தியாலக்கணக்கில் பேசுவா, இதைச் சொல்லவில்லை.

அத்தான், திவசத்துக்குத் தேவாரம் போதும்தானே? யோசியுங்கள். புத்தகம் நூலகத்தில் தேடுகிறேன்.

அன்புடன்,
அனுஷியா


மாத்தளை,
27.02.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாயிருப்பது அறிந்து மகிழ்ச்சி. எண்ணெய் போட்டேன், முழங்கால் கருத்தை மாற்றவில்லை, மணக்கிறது.

நீர் தேடும்வரை நான் சும்மா இருக்கவில்லை. முன்னொரு காலத்தில் யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவர் செய்த தமிழ்த் தழுவல் கிடைத்தது. கடலோர ஊர் ஆனையிறவாகிவிட்டது. அதிகாரி காலையில் திருநீறு பூசுகிறார். மனைவியின் கனவில் அம்மன் தோன்றி, மூன்று பக்கம் புத்தி சொல்லி அனுப்பிவைக்கிறாள். அம்மனின் பேச்சில் நீதிமன்ற வாடை அடிக்கிறது.

பிறகு இந்தியப் படம். அதில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தந்தி வருகிறது, தாய் ஓடிவருகிறாள். நாவலில் பிள்ளை இல்லை, படத்துக்கென்று பெற்றெடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இல்லாதபடியால் இந்தப் படத்தை முன்பொரு முறை உமது அக்கா பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனது நினைவுக்கு வந்தது.

சிங்கள நாடகத்தில் அவள் இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். மலரை அச்சிடும் நிஸ்தார் காரணம் சொன்னார். "அவ திரும்பி வந்தா நாடகம் முடிஞ்சிரும்ல சேர். வெளம்பரக்காரன் விடுவானா? சவர்க்காரம் விக்கிற வரைக்கும் அவ அங்கதான்."

நிஸ்தார் அச்சுக் கோக்கும்போதே வாசிக்கிற மனிதர். இருபத்தோராம் அத்தியாயத்தோடு நிற்கிறார். "அந்த மனுஷி ஏன் திரும்பி வந்திச்சின்னு தெரியாம நான் எப்படி சேர் மத்தப் பக்கத்தப் போடுறது? வீட்லயும் றஸ்மியா டெய்லி கேக்கிறாங்க. நான் சொன்னேன், புருஷன் மேல பாசம்னு. அவங்க என்னைய ஒரு மாதிரி பார்த்தாங்க. அதுக்கப்புறம் நான் கருத்துச் சொல்றதில்ல."

கொழும்பிலிருந்து என் தம்பி முறையான சசிக்குமார் தொலைபேசியில் சத்தம் போட்டார். "அண்ணை, திவசப் புத்தகத்தில ஓடிப்போன பொம்பிளையின்ர கதையோ போடுறது?" ஓடவில்லை, குதிரை வண்டியில் போனாள் என்றேன். வைத்துவிட்டார்.

புத்தகம் கிடைத்ததா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அத்தான் சிவராசா


பொண்டி,
30.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு முற்கூட்டியே வாழ்த்துகள்.

புத்தகம் கிடைத்தது. பழைய பிரெஞ்சு, மெல்ல மெல்லத்தான் போகிறது. இருபத்தோராம் அத்தியாயத்தில் தங்கை வைக்கும் சூப்பைப் பற்றி நல்ல விபரமாக எழுதியிருக்கிறார். முதலில் லீக்ஸை வெண்ணெயில் வதக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது, பிறகுதான் கிழங்கு. நேற்று வைத்துப் பார்த்தேன். கணவர் கொஞ்சம் மிளகாய்த் தூள் போட்டுக் குடித்துவிட்டு நல்ல நாவல் என்றார். முறுகல் பாண் இருந்தால் இன்னும் நல்லாயிருக்கும். உப்புக்கு வரி கட்டின காலமாதலால் எல்லோரும் உப்பைக் கிள்ளிக் கிள்ளித்தான் போடுகிறார்கள். அதிகாரியின் வீட்டில் மட்டும் ஒரு சாடி நிறைய இருக்கிறது, அதை அந்த மனைவி தொடுவதில்லை.

இருபத்திரண்டு கடினமாக இருக்கிறது.

அன்புடன்,
அனுஷியா


மாத்தளை,
22.04.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

நலமே. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் மூவர் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரங்கள் சரியாக நினைவில்லை. ஐயரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உமது கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சூப்புக்கு அரைப் பக்கம். உப்புக்கு நாலு வரி. இருபத்திரண்டுக்கு ஒரு வரி. சூப்பு விளங்குகிற பிரெஞ்சில் அடுத்த அத்தியாயம் மட்டும் எப்படிக் கடினமாகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துக்கொண்டிருக்கையில் உங்கள் அம்மா நினைவுக்கு வந்தார். இறப்பதற்கு முந்தின வருடம் நான் வந்தபோது, கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்து என் சேட்டுப் பொத்தானைத் தைத்துத் தந்தார். கண் சத்திரசிகிச்சை இவ்வளவு நல்ல பலன் தந்திருக்கிறதே என்று அன்று வியந்தேன். மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய சத்திரசிகிச்சை அல்லவா. எந்தக் கண் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

இப்போது தோன்றுகிறது. போன இரண்டு கடிதத்திலும் நீர் அந்தக் கண்ணைப் பற்றி ஒன்றும் எழுதாததால் இருக்கலாம்.

அவசரமில்லை. முதலில் இருபத்திரண்டு.

அத்தான் சிவராசா


மாத்தளை,
30.05.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

சுகமா? இங்கு சுகம்.

பதிலைக் காணவில்லை. கடிதம் வழியில் தவறியிருக்கலாம் என்கிறார் நிஸ்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர் என்ற முறையில் அதை நான் நம்ப முடியாது. ஆகவே நீர் எழுதவில்லை என்று கொள்கிறேன். எழுதாமல் விடுவதும் உமது உரிமை. அப்படியானால் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடுவேன். உமது அக்கா கேட்டதற்கு நான் சொன்ன பதிலும் அதுதானே.

அத்தான் சிவராசா


பொண்டி,
18.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். இருபத்திரண்டாம் அத்தியாயம் இதோ. எனக்குத் தெரிந்த தமிழில் எழுதியிருக்கிறேன். திருத்த வேண்டாம்.

இருபத்திரண்டு

தங்கை வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவள் கணவனைப் பற்றிப் பேசவேயில்லை. ஒரு நாள் அடுப்படியில் தங்கை கறிக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு கத்தரிக்காயை எடுத்து உள்ளங்கையில் ஏந்தினாள். கண்ணை மூடினாள். "இருநூற்றைம்பது கிராம். தலைநகருக்கு அனுப்புறதெண்டால் பதிவுக் கட்டணம் புறம்பு" என்றாள். அசல் அவருடைய குரல். தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று தொடங்கியது. சாப்பாடு ருசித்தால் அவர் முட்டியால் மேசையில் இரண்டு தரம் குத்துவார், கோப்பைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பத்திரிகை புரட்ட விரலை நாக்கில் வைக்க மாட்டார், பக்கத்தில் சிறு தட்டில் நனைத்த பஞ்சு இருக்கும். ஆரும் தங்கள் பிள்ளையை மடியில் கொடுத்தால் கொஞ்ச மாட்டார், எடை சொல்லுவார். எல்லாவற்றையும் அவள் செய்து காட்டினாள். உள்ளே படுத்திருந்த அம்மா, "என்னடி ரெண்டு பேருக்கும் விசர்ச் சிரிப்பு" என்று பேசுவா.

"இவ்வளவு பகிடியான மனிசனை விட்டிட்டு ஏன் வந்தனீ?" என்று தங்கை கேட்டாள்.

அவள் சொன்னாள்: "கூடாத மனிசன் இல்லை. அடிச்சதில்லை, குடிச்சதில்லை. பதில் தெரிஞ்ச கேள்வியை மட்டும்தான் கேப்பார். மழை பெய்யேக்க மழையோ எண்டு கேப்பார். எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டை, இருபத்து மூண்டு வருசத்தில ஒரு நாளும் கேட்டதில்லை."

இனித் திரும்பிப் போவதில்லை என்றிருந்தாள். தங்கைக்கும் அது விளங்கியது. பக்கத்துத் தையற்கடையில் வேலையும் பேசி வைத்தார்கள்.

மூன்றாம் மாதம் கதைகள் தீர்ந்தன. ஒரு நாள் தங்கை, "இப்ப அவர் என்ன சாப்பிடுவார்?" என்று சும்மா கேட்டாள். அவருடைய குரலில் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரியாது. தேங்காய் துருவத் தெரியாத மனிதர் இவ்வளவு நாளும் என்ன தின்கிறார்? பத்திரிகையை ஆருக்கு வாசித்துக் காட்டுகிறார்? மேசையில் குத்துகிறாரா? அங்கே புதுக் கதை நடந்துகொண்டிருக்கிறது, அவள் இல்லாமல். அதைத் தவறவிட அவளுக்கு மனம் வரவில்லை. அன்பு என்று சொல்ல மாட்டாள். கடமை என்று சொன்னால் சிரிப்பாள். அறிய ஆசை, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் பஸ் ஏறினாள்.

அவர் தரிப்பிடத்தில் நின்றார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. அவளுடைய பையை வாங்கிக் கையில் தூக்கினார். எடை சொல்லப்போகிறார் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. வீடு வரும்வரை சொல்லவில்லை.

இந்த மனிதரை அவளுக்குத் தெரியாது. இருந்து பார்ப்போம் என்று நினைத்தாள்.

அவ்வளவுதான், அத்தான். உடம்பைக் கவனியுங்கள்.

அனுஷியா


மாத்தளை,
10.07.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

அத்தியாயம் வந்து சேர்ந்தது. நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் சுகம் அறிய விருப்பம்.

இது மிகவும் நல்ல அத்தியாயம். மற்ற அத்தியாயங்களை எழுதிய கைக்கு இப்படி எழுத வருமென்று நான் நினைக்கவில்லை.

சில இடங்களில் வியப்பு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக் கிராமத்தில் பஸ் ஓடியிருக்கிறது. கடலோரத்துப் பிரெஞ்சுக்காரர் தேங்காய் துருவத் தெரியாமல் அவதிப்பட்டிருக்கிறார். உப்புவரி அதிகாரிக்குப் பதிவுத் தபால் கட்டணம் அத்துப்படி. அவர் மேசையில் குத்தும் முறையை நான் உட்கார்ந்து செய்து பார்த்தேன். இடப்பக்கம் மை, வலப்பக்கம் முத்திரை. உப்புக்கு யாரும் திகதி முத்திரை குத்துவதில்லை.

நிஸ்தாரின் மருமகன் றினோஸ் சீகிரியாவில் பிரெஞ்சு உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டி. அவன் வானின் முன்கண்ணாடியருகில் இந்த நாவல் எப்போதும் கிடக்கும். பிரெஞ்சுக்காரர் கண்டால் மனம் நெகிழ்ந்து டிப்ஸ் கூட்டிக் கொடுப்பார்களாம். போன ஞாயிறு வந்திருந்தான். இருபத்திரண்டை வாசித்துச் சொல்லு மகன் என்றேன். ஒட்டிக்கிடந்த தாள்களைப் பிரித்துத் தேடினான்.

"சேர், இதுல ரெண்டு வரிதான் இருக்கு."

"வாசி."

"வியாழக்கிழமை அவ திரும்பி வந்தா. மழை பேஞ்சிட்டிருந்திச்சி. அவ்வளவுதான் சேர். அடுத்தது இருபத்தி மூணு."

பாதிரியாரின் குறிப்பு, அவர் நீக்கிய அத்தியாயத்தைவிடப் பதினைந்து மடங்கு நீளம் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஏன் திரும்பி வந்தாள் என்று நூலாசிரியர் சொல்லவேயில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டுப் பார்த்திருக்கவும் மாட்டார்.

நிஸ்தார் பக்கத்தில் நின்றார். உமது மூன்று பக்கத்தையும் முதல் நாளே வாசித்திருந்தார். "இப்ப எதப் போடுறது சேர்? ரெண்டு வரியா, மூணு பக்கமா?"

மூன்று பக்கம் என்றேன்.

"மொழிபெயர்ப்புன்னு போட்டா பொய்யாயிருமே."

அவர் சொல்வது சரி. ஆகவே 'இருபத்திரண்டாம் அத்தியாயம்: அனுஷியா' என்று மட்டும் போடச் சொன்னேன். உமக்கு ஆட்சேபம் இருந்தால் உடனே எழுதவும். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அத்தான் சிவராசா


பொண்டி,
06.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கட்டிலேயே இருந்து வாசித்தேன். நாங்கள் சுகம்.

அம்மாவின் இரண்டு கண்ணும் கடைசிவரை நல்லாயிருந்தன. சத்திரசிகிச்சை ஒன்றும் நடக்கவில்லை. பையைப் பற்றி, அக்கா மாத்தளையில் போய் இறங்கின மற்ற நாளே தொலைபேசியில் சொன்னவ. "அவர் எடை சொல்லேல்லையடி" என்று மூன்று தரம் சொன்னவ. பிறகு இருபது வருடமாக அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருவருக்கும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினவ. அதனால்தான் இவ்வளவு நாளும் சூப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நாவலில் எழுதாதே என்று அவ சொல்லவில்லை. அது எனக்கு ஜூன் மாதம்தான் தோன்றியது.

அச்சிட வேண்டாம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். ஆட்கள் என்ன சொல்வார்கள், உங்களைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று. பிறகு யோசித்தேன், அது உங்கள் முடிவு. ஆட்சேபம் இல்லை.

கோபமா அத்தான்?

அனுஷியா


மாத்தளை,
30.09.2024

அன்புள்ள அனுஷியாவுக்கு,

திவசம் நல்லபடியாக முடிந்தது. உமது கணவரும் மகளும் சுகமா? தாமதத்துக்குக் காரணம், வந்தவர்கள் போக மறுத்ததுதான்.

ஐயர் படையலை முடித்து எழும்பும் முன்பே பாதிப் பேர் மலரைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். கண்ணீர்க் கவிதை இல்லாதது சிலருக்கு மனக்குறை. சசிக்குமார் மோர் குடித்துக்கொண்டே இருபத்திரண்டை வாசித்து முடித்து, "எண்டாலும் அண்ணை, வெள்ளைக்காரன் எங்கட ஆக்களை எப்பிடி அறிஞ்சு வச்சிருக்கிறான்" என்றார். பிரெஞ்சு இலக்கியத்தின் மேல் அவருக்கு இப்போது நல்ல மதிப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மற்ற அத்தியாயங்கள் இயல்பான தமிழில் இருக்க, இருபத்திரண்டில் மட்டும் மொழிபெயர்ப்பு நெடி அடிப்பதாக என்னைக் கடிந்துகொண்டார். திருத்திக்கொள்வதாகச் சொன்னேன்.

நிஸ்தார் குடும்பத்தோடு வந்தார். எல்லோருக்கும் சாப்பாடு போட்ட பிறகு நானும் உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி நன்றாக இருந்தது. என்னையறியாமல் கை மேசையில் இரண்டு தரம் குத்திவிட்டது. எதிரே இருந்த அவர் மனைவி றஸ்மியா வாயைத் துணியால் மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. போகும்போது மட்டும், "பாலேஸ்வரி அம்மா ஒங்கள நல்லாத்தான் கவனிச்சி வச்சிருக்காங்க சேர்" என்றார். ஆக, மலையில் ஒரு வாசகிக்காவது விளங்கியிருக்கிறது.

கோபமா என்று கேட்டீர். கோபம் இருக்க வேண்டிய இடத்தை இன்னும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டால் அறிவிப்பேன். இப்போதைக்குக் கிடைத்திருப்பது வேறு.

நீங்கள் இருவரும் இரண்டு மாதம் அடுப்படியில் இருந்து சிரித்திருக்கிறீர்கள். அத்தியாயத்தில் இருப்பது கத்தரிக்காய், மேசை, பஞ்சு, பிள்ளை, ஆக நாலு. இரண்டு மாதச் சிரிப்புக்கு நாலு போதாது. மிச்சத்தையெல்லாம் நீர் மரியாதைக்காக விட்டிருக்கிறீர் என்பது தெரிகிறது. எனக்கு அவை வேண்டும். ஒன்றையும் மென்மையாக்காமல், அவள் சொன்ன சொல்லிலேயே எழுதவும். நான் தும்முவதைச் செய்து காட்டினாளா? அது பெரிய சத்தம் என்று பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். நான் பாடுவது உண்டு, குளிக்கும்போது. அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள். எந்தப் பாட்டு? செய்து காட்டும்போது எழுந்து நிற்பாளா, இருந்தபடியா? முதலில் யார் சிரிப்பீர்கள், அவளா நீரா? 

நான் எப்படி நடப்பேன் என்று அவள் நடந்து காட்டினாளா?

அத்தான் சிவராசா